டபிள்யூ.டபிள்யூ.இ டூ கல்வித்துறை: லிண்டா மெக்மஹோனுக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

மெக்மஹோன் என்ற பெயரைச் சொன்னதும் 90ஸ் கிட்ஸுக்கு அண்டர்டேக்கரும் ஜான் சீனாவும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். கணவர் வின்ஸுடன் சேர்ந்து டபிள்யூ.டபிள்யூ.இ நிறுவனத்தை வளர்த்த லிண்டா மெக்மஹோன்தான் இப்போது அமெரிக்காவின் கல்வி அமைச்சர். 2024 நவம்பரில் டிரம்ப் அவர் பெயரை அறிவித்ததும், 'ரெஸ்லிங் நடத்தினவங்களுக்கு ஸ்கூல் பத்தி என்ன தெரியும்?' என்று மீம்கள் பறந்தன.

ஆனா, அவருக்கு வந்த எதிர்ப்பின் உண்மையான காரணம் ரெஸ்லிங் இல்லை. அது என்ன? எதிர்த்து என்ன கிடைத்தது? பார்ப்போம்.

அமெரிக்காவில் அமைச்சர் ஆவது எப்படி?

நம்ம ஊர்ல பிரதமர் பரிந்துரைத்தால் போதும், குடியரசுத் தலைவர் பதவிப் பிரமாணம் செய்து வைத்துவிடுவார். அமெரிக்காவில் அப்படி இல்லை. அதிபர் பெயரை மட்டும்தான் முன்மொழியலாம். 100 பேர் கொண்ட செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். அதற்கு முன் செனட் குழு ஒன்று அந்த நபரை நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும். டிவியில் நாடே பார்க்கும்.

ஒரே நபர், இரண்டு ரிசல்ட்

இங்கேதான் சுவாரஸ்யம். லிண்டா செனட் முன் நின்றது இது முதல் முறை இல்லை. 2017-ல் சிறு தொழில் நிர்வாக அமைப்பின் தலைவராக அவரை டிரம்ப் நியமித்தபோது 81 பேர் ஆதரித்தார்கள், 19 பேர் மட்டுமே எதிர்த்தார்கள். 2010-லும் 2012-லும் கனெக்டிகட் மாகாண செனட் தேர்தலில் லிண்டாவைத் தோற்கடித்த ரிச்சர்ட் புளூமெந்தால், கிறிஸ் மர்ஃபி ஆகிய இரண்டு ஜனநாயகக் கட்சிக்காரர்களும்கூட அப்போது அவருக்கு ஆதரவு!

2025 மார்ச் 3-ல் கல்வி அமைச்சர் பதவிக்கு வாக்கெடுப்பு நடந்தபோது கிடைத்தது 51 வாக்கு, எதிர்த்தவர்கள் 45 பேர். குழு விசாரணையில் அவரைத் துருவித் துருவிக் கேள்வி கேட்டவர்களில் அதே கிறிஸ் மர்ஃபியும் ஒருவர்.

எட்டு ஆண்டுகளில் அந்த நபர் மாறவில்லை. கொடுக்கப்பட்ட வேலைதான் மாறியது.

அப்படி என்ன வேலை?

கல்வி அனுபவம் என்று பார்த்தால், கனெக்டிகட் மாகாணக் கல்வி வாரியத்தில் சுமார் ஓராண்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் பொறுப்பு. அவ்வளவுதான். 'இது போதாது' என்று ஆசிரியர் சங்கங்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனா அதைவிடப் பெரிய பிரச்சினை டிரம்ப் சொன்னதுதான். கல்வித்துறையையே மூடப்போவதாக அவர் பிரசாரத்தில் பேசியிருந்தார். லிண்டா தன் வேலைக்குத் தானே முடிவுகட்ட வேண்டும் என்பதே தன் விருப்பம் என்றும் சொன்னார்.

மூடினால் என்ன ஆகும்? பள்ளிகளை நடத்துவது மாகாணங்களும் உள்ளூர் அமைப்புகளும்தானே என்று கேட்கலாம். உண்மைதான். பள்ளிகளுக்கான பணத்தில் மத்திய அரசின் பங்கு தோராயமாக 10% மட்டுமே. பாடத்திட்டத்தைத் தீர்மானிக்கவும் அந்தத் துறைக்குச் சட்டம் அனுமதி தரவில்லை.

ஆனா அந்த 10% யாருக்குப் போகிறது என்பதுதான் விஷயம். ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு சுமார் 1,800 கோடி டாலர். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்குத் தனி நிதி. அந்தச் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் 70 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் படிக்கிறார்கள். பள்ளி அவர்களுக்கு உரியதைச் செய்யாமல் பாகுபாடு காட்டினால், பெற்றோர் புகார் கொடுக்கும் சிவில் உரிமைப் பிரிவும் இந்தத் துறையில்தான் இருக்கிறது.

2017-ல் டிவோஸுக்கு நடந்தது

டிரம்பின் முதல் ஆட்சியில் கல்வி அமைச்சராக முன்மொழியப்பட்டவர் பெட்ஸி டிவோஸ். அரசுப் பள்ளிக்குப் போகும் வரிப்பணத்தைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற 'வவுச்சர்' முறைக்குப் பல ஆண்டுகள் பிரசாரம் செய்த பணக்காரர். குழு விசாரணையில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, அதை மாகாணங்களிடம் விட்டுவிடலாம் என்றார். அது மத்திய அரசின் சட்டம் என்று சுட்டிக்காட்டியதும், குழம்பியிருக்கலாம் என்று சமாளித்தார்.

அந்த வீடியோ பரவியது. செனட்டர்களின் அலுவலகங்களுக்குப் போன் மேல் போன். குடியரசுக் கட்சியிலேயே இரண்டு பேர் எதிர்த்தார்கள். 50-50 என்று சமமாகி, துணை அதிபர் மைக் பென்ஸ் வாக்களித்துத்தான் டிவோஸ் தப்பித்தார். அமைச்சர் நியமனம் ஒன்று துணை அதிபரின் வாக்கில் நிறைவேறியது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல் முறை.

லிண்டா அப்படித் தடுமாறவில்லை. நிதி நிற்காது என்றார். துறையை முழுதாக மூட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என்பதையும் ஒப்புக்கொண்டார். கட்சியில் ஒருவர்கூட அவரை எதிர்த்து வாக்களிக்கவில்லை.

ஆதரவாளர்கள் சொல்வது என்ன?

இந்தத் துறை செயல்படத் தொடங்கியது 1980-ல்தான். அதன்பிறகு இவ்வளவு பணம் செலவழித்தும் மாணவர்களின் வாசிப்புத் திறன் ஏறவில்லை என்பது அவர்கள் வாதம். 2024-ல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்விலும் வாசிப்பு மதிப்பெண் சரிந்தது. வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியைவிட உள்ளூர்ப் பெற்றோருக்கே தேவை தெரியும் என்கிறார்கள். இது ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதம் இல்லை. ஆனா மதிப்பெண் குறைந்ததற்குப் பதில், புகார் கேட்கும் ஆளை நீக்குவதா? இந்தக் கேள்விக்கு அவர்கள் தரப்பில் தெளிவான பதில் இல்லை.

பதவியேற்ற பிறகு நடந்தது

எல்லாம் வேகமாக நடந்தது. மார்ச் 11-ல் சுமார் 1,300 பேருக்குப் பணிநீக்க அறிவிப்பு. ஏற்கெனவே தாமாக விலகியவர்களையும் சேர்த்தால், 4,100-க்கும் மேல் இருந்த ஊழியர் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. சிவில் உரிமைப் பிரிவின் 12 மண்டல அலுவலகங்களில் 7 மூடப்பட்டன. மார்ச் 20-ல் துறையை மூடும் நடவடிக்கைகளைத் தொடங்க டிரம்ப் உத்தரவில் கையெழுத்திட்டார். பணிநீக்கத்துக்குக் கீழ் நீதிமன்றம் தடை போட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. நவம்பரில் பல திட்டங்களின் நிர்வாகத்தைத் தொழிலாளர் துறை உள்ளிட்ட வேறு துறைகளிடம் கொடுக்கும் ஒப்பந்தங்கள் வந்தன.

அப்போ எதிர்ப்பு வீணா?

வாக்கெடுப்பில் தோற்றது உண்மை. ரெஸ்லிங் மீம்களால் ஒரு வாக்குகூட மாறவில்லை. ஆனா குழு விசாரணையில் கேட்ட கேள்விகளால் ஒரு பலன் உண்டு: நிதி நிற்காது, மூடும் அதிகாரம் தனக்கு இல்லை என்று லிண்டாவே சொன்னது பதிவாகியிருக்கிறது. நாளை நிதி தாமதமானாலோ, புகார் கிடப்பில் கிடந்தாலோ, பெற்றோர் கையில் எடுத்துக் காட்ட அது இருக்கிறது.

இனி கவனிக்க வேண்டியது இதுதான். துறையைச் சட்டப்படி மூடும் மசோதா செனட் நடைமுறையைத் தாண்ட 60 வாக்கு தேவை. குடியரசுக் கட்சியிடம் இருப்பது 53. அதனால் பெயர்ப்பலகை அவ்வளவு சீக்கிரம் கழற்றப்படாது. உள்ளே வேலை பார்க்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதில்தான் அந்தக் குழந்தைகளின் படிப்பு இருக்கிறது.