கேளாது எழுதிய உறுதி

ஒரு காணிக்கு இருவர் உரிமை கோருவர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். ஈற்றில் இருவரும் இணங்கி நொத்தாரிசின் முன் உறுதி எழுதுவர். தலைமுறை தலைமுறையாக அக்காணியிற் குடியிருந்து, அதனைத் திருத்திப் பயிர் செய்தவனை மட்டும் ஒருவரும் ஒரு சொற் கேளார். இத்தகைய அநீதியை நம் உழவர் பெருமக்கள் அறியாதவரல்லர். நியூகினித் தீவின் மேற்குப் பாதிக்கு உலக மன்றங்களிலே நேர்ந்ததும் இதுவேயாகும்.

1949இல் ஹேக் வட்டமேசை மாநாட்டில் ஒல்லாந்தர் இந்தோனேசியாவின் இறைமையைக் கையளித்தபோது, இப்பகுதியின் நிலையை ஓராண்டுக்குள் பேசித் தீர்ப்பதெனத் தள்ளிவைத்தனர். அந்த ஓராண்டு முடியப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற் சென்றது. 1955இல் பாண்டுங் மாநாடு, குடியேற்ற ஆட்சியைக் கண்டித்த அதே அறிக்கையில் இந்தோனேசியாவின் கோரிக்கையையும் ஆதரித்தது. அம்மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்றென்பதை நாம் மறத்தலாகாது. அப்போது விடுதலை பெற்றிராத பொற்கரை நாட்டுக்கும் அங்கே ஆசனம் இருந்தது. பப்புவா மக்களுக்கோ இல்லை.

ஒல்லாந்தரும் உத்தமரல்லர். இந்தோனேசியாவை இழந்த பின்னரன்றோ சுயநிர்ணயம் என்னும் சொல் அவர்தம் நாவில் வந்தது! 1961இல் அவர்கள் அதனை ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்குக் கொண்டு சென்றபோது வேண்டிய ஆதரவு கிட்டவில்லை. சுகர்ணோ சோவியத் ஆயுதங்களைக் குவித்தார். கென்னடி அரசு அஞ்சியது. அமெரிக்க இராசதந்திரி பங்கர் நடுநின்று பேச, 1962 ஆகஸ்ட் 15ஆந் திகதி நியூயோர்க்கில் இரு அரசுகளும் கையொப்பமிட்டன. பப்புவாவின் கையொப்பம் அதில் இல்லை.

ஆயினும் அவ்வொப்பந்தத்தின் பதினெட்டாம் உறுப்பு நல்லதையே சொன்னது: வயதுவந்த ஆண், பெண் யாவரும், அனைத்துலக நடைமுறைக்கு அமைய, தம் விருப்பைத் தெரிவிக்கத் தகுதியுடையர் என்றது. 1963 மே 1ஆந் திகதி ஆட்சி இந்தோனேசியாவிடம் சென்றது. 1967இல், மக்கள் விருப்பு அறியப்படுவதற்கு இரண்டாண்டு முன்னரே, அங்குள்ள செப்பு மலையைத் தோண்ட அமெரிக்க நிறுவனமான பிறீபோட்டுக்கு உரிமை வழங்கப்பட்டது. காணி எவருடையதென்று தீருமுன்னரே விளைவு விலைபோயிற்று. 1969இல் விருப்பறியும் நாள் வந்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்களுக்காகப் பேசியவர்கள், ஆட்சியாளரின் மேற்பார்வையில் தெரிவுசெய்யப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேர். இரகசிய வாக்கெடுப்பு நிகழவில்லை. படைவீரர் சூழ்ந்திருக்க, எல்லோரும் ஒரே குரலில் இந்தோனேசியாவுடன் இருக்க இசைந்தனர். எதிர்த்தவர் ஒருவர்கூட இலர் என்னும் செய்தியே ஐயத்துக்குப் போதுமான சான்றன்றோ?

மறுபடியும் ஒரு வாய்ப்பு வழங்குக என்று கானா முதலிய சில ஆபிரிக்க நாடுகள் வாதாடின, சபை இணங்கவில்லை. 1969 நவம்பர் 19ஆந் திகதி 84 நாடுகள் ஆதரிக்க, 30 நாடுகள் ஒதுங்கி நிற்க, எதிர்ப்பேயின்றித் தீர்மானம் நிறைவேறிற்று. அறிக்கையைச் சபை "ஏற்றது" என்று அதில் இல்லை. "கவனத்திற் கொண்டது" என்றே உளது. சட்டம் பயின்ற நம் வாசகர் இவ்வேறுபாட்டை எடைபோடட்டும்.

அக்காலத்தில் ஐ.நா. செயலகத்தில் இவ்விவகாரத்தைக் கையாண்ட உயர் அதிகாரி சி. வி. நரசிம்மன், தமிழர். ஓய்வுபெற்றுப் பல்லாண்டு சென்றபின், 2001இல், அது வெறும் கண்துடைப்பே, விரைவிற் கைகழுவிவிடுவதே மன்றத்தின் அன்றைய நோக்கம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவ்வுண்மை 1969இல் அச்சபையில் உரைக்கப்பட்டிருக்க வேண்டியது.

2015இல் மெலனீசிய நாடுகளின் கூட்டமைப்பு, பப்புவா விடுதலை இயக்கத்துக்குப் பார்வையாளர் ஆசனம் ஒன்று அளித்தது. அதே கூட்டத்தில் இந்தோனேசியாவுக்கு அதனினும் உயர்ந்த இணை உறுப்புரிமை வழங்கப்பட்டது.