புக்கிங் வந்தாச்சு... பணம் வந்தாச்சா? வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் கவனத்துக்கு!

சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு, 'புக்கிங் உறுதி' என்ற மெசேஜ் இனிக்கத்தான் செய்யும். ஆனால், விருந்தினர் வந்து தங்கும்வரை அந்தப் பணம் கைக்கு வந்ததாகக் கணக்கில்லை.

2020 மார்ச்சில் பலர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். கொரோனா பரவியபோது, மார்ச் 14 வரை செய்த புக்கிங்குகளை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று ஏர்பிஎன்பி அறிவித்தது. கறாரான ரத்து விதியைத் தேர்வு செய்திருந்த உரிமையாளர்களும் தப்பவில்லை. அவர்கள் கொதித்தெழ, அந்த மாத இறுதியில் சி.இ.ஓ பிரையன் செஸ்கி மன்னிப்பு கேட்டு, 25 கோடி டாலர் ஒதுக்கினார். அதிலும் கிடைத்தது, ரத்து விதிப்படி வர வேண்டிய தொகையில் 25% மட்டுமே.

சரி, உரிமையாளரே ரத்து செய்தால்? தக்க காரணம் இல்லையென்றால் அபராதம் உண்டு. ஏர்பிஎன்பி விதிப்படி, செக்-இன்னுக்கு 30 நாள்களுக்கு மேல் இருந்தால் புக்கிங் தொகையில் 10%. அதற்குப் பிறகு என்றால் 25%. கடைசி 48 மணி நேரத்தில் 50%!

என்ன செய்யலாம்?

* ரத்து விதியுடன், பேரிடர் காலத்துக்கான விதிவிலக்குகளையும் படித்துவிடுங்கள். அவை வந்தால், நீங்கள் தேர்வு செய்த விதி செல்லாது.

* இரண்டு தளங்களில் வீட்டைப் பதிவு செய்திருந்தால், காலண்டர்களை இணைத்துவிடுங்கள். ஒரே தேதிக்கு இரண்டு புக்கிங் விழுந்தால், ஒன்றை நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டிவரும்.

* வரப்போகும் வாடகையை நம்பி இ.எம்.ஐ போடாதீர்கள். சீஸன் வருமானத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். ரத்தாகும் மாதத்தில் அதுதான் கைகொடுக்கும்.