ஏ4 தாளுக்குள் தமிழைப் பூட்டாதீர்கள்

மாணவர்களே, உலு திராமிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் பேருந்தில் போகும்போது, ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழ் இலக்கியக் குறிப்பைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எழுத்துகள் எறும்பு வரிசைபோல் தெரியும். விரலால் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கண் சோர்ந்து மூடிவிடுவோம். பிறகு, “தமிழில் படிப்பது சிரமம்” என்போம். சிரமம் தமிழில் இல்லை, கோப்பில் இருக்கிறது என்பதே என் கருத்து.

பிடிஎஃப் கோப்பு தாளில் அச்சிடுவதற்கு ஏற்றது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 6 அங்குல மின்னூல் கருவியின் திரை அகலமோ ஏறக்குறைய 90 மில்லிமீட்டர்தான். 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்த எழுத்து அங்கே 5 புள்ளியாகச் சுருங்கிவிடும். இபப் கோப்பு அப்படியல்ல. திரைக்கேற்ப வரிகளை மடித்துக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி வெளியே ஓடாது.

எழுத்து ஒருங்குறியிலும் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் குறிகளே தெரியும். ஒருங்குறியில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்றே பதிவாகிறது. கொம்பை முன்னால் நிறுத்துவது கருவியின் வேலை.

அண்டை நாடான தாய்லாந்தின் எழுத்தில் சிக்கல் வேறு. அவர்கள் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. ஆகவே வரியை எங்கே மடிப்பது என்று அறிய, கருவிக்குச் சொற்பட்டியல் தேவைப்படுகிறது. நமக்கு இடைவெளி உண்டு, சொற்கள்தாம் நீளம். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற ஒரே சொல் குறுகிய திரையில் ஒரு வரியை நிரப்பிவிடும். இரு ஓரங்களையும் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே பள்ளம் விழும். எனவே இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். வரி இடைவெளியை 1.5 ஆக வையுங்கள். மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளாது.

பிடிஎஃப் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அச்சிடும் தாளுக்கு அது நல்லது. திரையில் படிப்பதற்கும் அதையே அனுப்புவதுதான் தவறு.

கணினித் தமிழில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். ஆப்பிள் கருவிகளில் உள்ள ‘இணைமதி’ எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் உழைப்பில் தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. அவர்கள் திறந்துவைத்த கதவை நாம் ஏன் சாத்த வேண்டும்?

அடுத்த முறை கட்டுரையோ பள்ளி இதழோ தயாரித்தால், ஓர் இபப் பிரதியும் எடுங்கள். கூகுள் டாக்ஸின் பதிவிறக்கப் பட்டியலிலேயே அந்த வசதி இருக்கிறது. சில நிமிட வேலைதான். பார்வை மங்கிய உங்கள் பாட்டி எழுத்தைப் பெரிதாக்கி, உங்கள் கதையை அவரே படிப்பார்.