மலைக்கு வயது சொல்கிறவர்கள் ஒரு தடவை நூலகத்துக்குப் போகட்டும்

அந்தச் செய்தி இந்த மாதம் மூன்றாவது முறையாக வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. திருவண்ணாமலைக்கு வயது 260 கோடி ஆண்டு, முன்பு எரிமலையாக இருந்து குளிர்ந்தது, இதை பீர்பால் சகானி என்ற விஞ்ஞானியே சொல்லிவிட்டார் என்று. சகானி பெரிய அறிஞர்தான், ஆனால் அவருடைய துறை தொல்தாவரவியல். எந்த நூலில், எந்தப் பக்கத்தில் சொன்னார் என்று அனுப்பியவரைக் கேட்டேன். பதிலுக்கு ஒரு கும்பிடு படம் வந்தது.

அருணாசலத்தின் மேல் எனக்கும் பக்தி உண்டு. அந்த எண்ணோடும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. வட தமிழ்நாட்டுப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது என்றுதான் நிலவியலாரும் சொல்கிறார்கள். ஆனால் அது கல்லின் வயது, மலையின் வயது இல்லை. இந்தப் பக்கத்து மலைகளில் நிறையக் காணப்படும் சார்னோகைட் என்ற கருங்கல், எரிமலை கக்கி ஆறிய கல்லும் அல்ல. சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரி வெப்பத்தில் உருவானது. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் கரைந்துபோன பிறகு வெளியே தெரிகிறது. கரையாமல் நின்றதை மலை என்கிறோம்.

இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. நூலகத்தில் இருக்கிறது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கும்பினிக்காரரின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலந்து 1893-ல் அந்தப் பெயரை வைத்தார். 1900-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மெமோயர் வரிசையில் பரங்கிமலை, பல்லாவரம் தொடங்கி இந்தக் கல்லைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதற்கு முன்பே, 1860-களில், கிங்கும் புரூஸ் ஃபுட்டும் திருச்சி, சேலம், தென்னாற்காடு ஜில்லாக்களின் பகுதிகளைப் பற்றி எழுதினார்கள். (அந்தக் காலத்துப் புத்தகத்தில் திருவண்ணாமலையைத் தேடுகிறவர் தென்னாற்காட்டில் தேட வேண்டும். பழைய ஜில்லா எல்லை தெரியாதவனுக்கு அட்டவணை உதவாது. குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.)

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லிக்கொள்கிறேன். புதுச்சேரியில் இருந்த லெஷனோ என்ற தாவரவியலார் 1820 வாக்கில் சேலத்தில் பொறுக்கிய கற்கள் பாரிஸில் கிடந்தன. எழுபது வருடம் கழித்து, 1889-ல், ஆல்ஃபிரெட் லாக்ருவா அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து எழுதினார். நம் ஊர்க் கல்லை எழுபது வருடம் பத்திரமாக வைத்திருந்து படித்திருக்கிறார்கள். நாம்?

நம் உத்திரமேரூருக்கு வாரம் தவறாமல் கார்களில் வருகிறார்கள். பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை, 919, 921 என்று ஆண்டு சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்தைப் பார்க்கிறார்கள், கல்லைப் பார்ப்பதில்லை. அதே தாலுகாவில் மலையை வெடி வைத்துத் தகர்த்து ஜல்லியும் எம்-சாண்டும் ஆக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். அந்தக் கல்லும் அதே தொன்மையான பாறைக் கூட்டம்தான். 260 கோடி என்று கும்பிடுகிறவர் வீட்டு மாடியே அதில்தான் நிற்கிறது. பழமைக்காகத்தான் மரியாதை என்றால் இந்தக் குன்றுகளுக்கு மட்டும் ஏன் இல்லை?

"எல்லாம் கூகுளில் இருக்கிறது சார், நூலகம் எதற்கு?" என்கிறார்கள். பழைய மெமோயர்கள் இணையத்தில் இருப்பது உண்மைதான். நானே பார்க்கிறேன். ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்தவனுக்குத்தான் அது கிடைக்கும். தெரியாதவனுக்கு எரிமலைதான் கிடைக்கும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிளை நூலகத்தில், "நிலவியல் புத்தகம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். "பேரனுக்கா ஐயா? குரூப் 4 கைடு இருக்கு" என்றார் அங்கிருந்தவர். அவர்மேல் தப்பில்லை, அலமாரியில் இருப்பதைத்தானே கொடுக்க முடியும்? 1948-ல் நாட்டிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நம் மாவட்டத்து மண்ணையும் கல்லையும் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் வாங்கி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

குவாரிக்குக் கருத்துக்கேட்பு வைத்தால், 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் வைப்பார்கள். முப்பது நாள் அவகாசம் உண்டு. ஆனால் பாறை அமைப்பு, நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கிணறு வற்றும் என்று பயப்படுகிற விவசாயி பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போய், அலுவலக நேரத்தில் நின்றுகொண்டு அதைப் படிக்க வேண்டுமாம். கூட்டத்தில் அவர் எழுந்து பேசினால், "டெக்னிக்கலாகச் சொல்லுங்கள்" என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

அந்த அறிக்கையின் ஒரு முழுப் பிரதியைத் தமிழில், அந்தந்த ஊர்க் கிளை நூலகத்தில், கூட்டத்துக்கு முப்பது நாள் முன்பே வைக்கட்டும். பக்கத்தில் ஹாலந்தின் நூலுக்கு ஒரு தமிழ்ச் சுருக்கமும், மாவட்ட நிலவியல் வரைபடமும் இருக்கட்டும். இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், அடுத்த கிராம சபையில் கொடுக்கலாம்.