நன்றாயிரு!



வாலாஜாபாத் இரயில் நிலையத்தில் ஒரு காலை வேளை. பட்டுத்தறி நெய்யும் தந்தை ஒருவர், வெளியூரில் படிக்கும் மகளை வழியனுப்ப வந்திருந்தார். “சாப்பிட்டாயா, அம்மா? செலவுக்குப் பணம் இருக்கிறதா?” என்றார். “போய் வருகிறேன், அப்பா” என்றாள் மகள். அன்பு என்னும் சொல் இருவர் வாயிலும் வரவில்லை. ஆயினும், வண்டி கண்ணுக்கு மறையும்வரை அவர் நின்ற இடத்தை விட்டு அகலவில்லை.

இத்தகைய வேளையில் இத்தாலிய நாட்டுத் தந்தை, ‘தி வோல்யோ பேனே’ என்பார். ‘உனக்கு நன்மையை விரும்புகிறேன்’ என்பது அதன் நேர்ப்பொருள். ‘தி ஆமோ’ என்னும் தொடர் பெரும்பாலும் காதலர்க்கும் தம்பதியர்க்கும் உரியது. முன்னதையோ தாய் பிள்ளையிடமும், பேரன் பாட்டியிடமும், நண்பன் நண்பனிடமும் கூறுவர். ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று தமிழாக்கினால் நாடக வசனம் போலாகும். ‘உன் நலம் நாடுகிறேன்’ என்றாலோ கடிதத்தின் கடைசி வரியாகிவிடும்!

இத்தொடரின் ஆழத்தை உணர்த்துபவர், 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த மறைவல்லுநர் புனித தோமாஸ் அக்குவினாஸ். ஒருவருக்கு நன்மையை விரும்புவதே அன்பு என்று, அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, அவர் வரையறுத்தார். உணர்ச்சி பொங்கும், வற்றும். கோபம் மூண்ட நாளிலும் பிறர்க்கு நன்மையை விரும்ப நம்மால் இயலும்.

திபேரியாக் கடலோரத்தில் உயிர்த்த ஆண்டவர் இராயப்பரிடம் மும்முறை அன்பைப் பற்றி வினவினார் அல்லவா? கிரேக்க மூலத்தில் அங்கே இருவேறு வினைச்சொற்கள் உள்ளன. இத்தாலிய ஆயர்கள் 2008இல் வெளியிட்ட விவிலியத்தில், ஆண்டவரின் முதலிரு கேள்விகளில் ‘ஆமோ’வின் வடிவமும், இராயப்பரின் மூன்று விடைகளிலும் ‘வோல்யோ பேனே’யும் அமைந்துள்ளன. மூன்றாம் கேள்வியிலோ ஆண்டவரே இராயப்பரின் சொல்லுக்கு இறங்கி வருகிறார். பலவீனனின் எளிய சொல்லையும் ஏற்று, தம் மந்தையை அவரிடம் ஒப்படைக்கிறார்.

மொழிபெயர்க்க இயலாததை என்ன செய்வது? இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழுக்கே தம்மை ஈந்த வீரமாமுனிவர் வழி காட்டியுள்ளார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருகுதலைக் குறிப்பது. ஆகவே தேம்பாவணியில் அப்புனிதரை ‘வளன்’ என்றழைத்தார். ஒலியை விடுத்து, உட்பொருளுக்குரிய சொல்லைத் தமிழிலேயே தேடினார்.

நாமும் நம் வீட்டில் தேடுவோம். நம் பாட்டிமார், பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து, “நீ நன்றாயிருக்க வேண்டும்” என்பார்களே, அதுவன்றோ ‘தி வோல்யோ பேனே’! அச்சொல்லைத் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மட்டும் ஒதுக்கிவிட்டோம். எஞ்சிய நாள்களில் மதிப்பெண்ணையும் செலவுக் கணக்கையுமே கேட்கிறோம். “அப்பாவுக்கு என்மேல் பாசமில்லை” என்று மனம் குமுறும் பிள்ளைகளும் உண்டு. தந்தையின் மௌனத்தைப் படித்தறியும் வயதல்லவே அவர்களுக்கு!

பாவு மட்டும் இருந்தால் சேலையாகாது, ஊடையும் வேண்டும். உழைப்பு பாவு என்றால், வாய்ச்சொல் ஊடை. இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, “நன்றாயிரு” என்று சொல்லுங்கள். முதுமையுற்ற பெற்றோரின் கரம் பற்றியும் அவர்கள் நலத்தை வாய்விட்டு வேண்டுங்கள். நன்மையே உருவான இறைவன் உங்கள் இல்லத்தில் தங்குவாராக!