பெயர் எழுத ஒரு சுவர்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேட்டைப் படித்தால் ஒரு மன்னனுக்குத் தன் பெயர் மீதிருந்த ஆசை புரியும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் அங்கே எழுந்த கோயிலுக்கு வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்றும், ஏரிக்குப் பரமேசுவர தடாகம் என்றும், ஊருக்குப் பரமேசுவரமங்கலம் என்றும் பெயர் விளங்கச் செய்தான். மகன் ராஜசிம்மன் அதற்கும் மேலே போனான். காஞ்சி கைலாசநாதர் கோயில் திருச்சுற்றிலுள்ள சிற்றாலயங்களில் தன் விருதுப் பெயர்களை இருநூறுக்கும் மேல் வெட்டிவைத்தான். அதுவும் வெவ்வேறு எழுத்து வகைகளில், அலங்காரமாக.

இதே ஆசையோடு ஓர் இளைஞன் இன்று ஸ்பிரே டப்பாவை எடுத்தால் அது கிறுக்கல். 1971இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இடம்பெற்ற 'டாக்கி 183' என்ற கையெழுத்துக்காரர், கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தவர். போகிற வழியெல்லாம் பெயரையும் தெரு எண்ணையும் எழுதினார். அரசாணையோ கொடையோ இல்லாதவர் ஊரில் தன் இருப்பைப் பதிக்க அதுவே வழி.

சுவரோவியத்துக்குக் கிறுக்கல் என்ற இந்தச் சிக்கல் இல்லை. சுவரொட்டிகளைத் தடுக்க 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் ஓவியம் தீட்டவைத்தது. 2020இல் கண்ணகி நகர்க் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் மாபெரும் ஓவியங்கள் எழுந்தன. நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் வாழும் இடம் அது. அதன் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் ஓவியம் பார்க்கப் போனார்கள். இது சிறிய பயன் அல்ல. ஆனால் அனுமதி பெற்ற ஓவியம், அனுமதி தருபவருக்குப் பிடித்ததையே பெரும்பாலும் பேசும். அனுமதி கேட்காத கையெழுத்துக்கு அந்தக் கட்டு இல்லை. நூறு முறை பழகிய கை ஒரே இழுப்பில் போடும் எழுத்தில் கலையும் உண்டு. எல்லாக் கிறுக்கலிலும் அது இருக்கிறது என்று சொல்ல முடியாது.

கீறலும் காலப்போக்கில் வரலாறாகலாம். இலங்கையின் சிகிரியாக் கண்ணாடிச் சுவரில் பழங்காலப் பார்வையாளர்கள் கீறிப்போன பாடல்களில் 685ஐப் படித்து, 1956இல் நூலாக்கினார் தொல்லியலாளர் பரணவிதான. சிங்களக் கவிதை வரலாற்றின் விலைமதிப்பற்ற சான்றுகள் அவை.

அதைக் காட்டிக் கைலாசநாதர் கோயிலில் சாவியால் பெயர் கீறுவதை நியாயப்படுத்த முடியாது. அது மணற்கல், கீறினால் ஆறாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை சட்டம் விதிக்கிறது. அது சரிதான். கூரத்து மன்னன் தன் பெயரோடு பாசன நீரையும், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாட்டையும் ஊருக்குக் கொடுத்தான். கல்லைக் கீறுகிறவர் ஊரின் சொத்தைக் குறைத்துவிட்டுப் போகிறார்.

கட்சிகள் தேர்தலுக்கு முன்பே சுவர்களில் பெயரெழுதி இடம் பிடிப்பதைப் பொறுத்துக்கொள்ளும் ஊர், பிள்ளைகளுக்கு ஒரு சுவர் தரலாம். காஞ்சிபுரம் மாநகராட்சி பேருந்து நிலையத்தையோ பள்ளிகளையோ ஒட்டி ஒரு நீண்ட சுவரை ஒதுக்கட்டும். மயிலும் அன்னமும் யாளியும் வரைய நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளை அழைக்கட்டும். பாதிச் சுவரை, முன் அனுமதி எதுவும் கேட்காமல், அவர்கள் பெயர்களுக்கே விட்டுவிடட்டும்.