சர்க்கரை போடவே இல்லையே!



போன வாரம் அட்டைப்படம் முடிவாகாமல் எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த மதிய நேரம். எங்கள் உதவி ஆசிரியர் வீட்டிலிருந்து ஃப்ளாஸ்க் நிறைய ஸ்மூத்தி கொண்டுவந்திருந்தார். "பயப்படாமக் குடிங்க மேடம், ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடப் போடலை" என்று ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றினார். பாயசம் தோற்றது, அவ்வளவு தித்திப்பு.

என்ன போட்டீர்கள் என்று விசாரித்தோம். ஒருவருக்கான அளவு இது: பச்சை வாழைப்பழம் இரண்டு, பேரீச்சம்பழம் ஐந்து, ஒரு மேசைக்கரண்டி தேன், ஒரு டம்ளர் பால். பிழை திருத்துபவர் சும்மா இருப்பாரா? கையிலிருந்த புரூஃப் தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 14 கிராம் சர்க்கரை, இரண்டுக்கு 28. பேரீச்சையில் 22. தேனில் 17. 200 மில்லி பாலில் இயல்பாகவே இருப்பது 10. ஆக மொத்தம் 77 கிராம். டீஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்தால் 19 ஸ்பூன்! 300 மில்லி கோலாவில்கூட 32 கிராம் அளவில்தான் இருக்கும். கணக்குப் போட்டவர் பேனாவை மூடினார், கொண்டுவந்தவர் ஃப்ளாஸ்க்கை மூடினார்.

அவர் மேல் குற்றமில்லை. வெள்ளைச் சர்க்கரைக்கு மட்டும் தடை, தேனுக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் விலக்கு என்று நாமே ஒரு சட்டம் போட்டுவைத்திருக்கிறோமே! உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கு வேறு. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை முடிந்தால் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது அது. முழுப் பழத்திலும் பாலிலும் உள்ள சர்க்கரை இதில் சேராது. தேன் சேரும், பழச்சாறும் சேரும்.

அப்படியானால் ஸ்மூத்தி எந்தப் பக்கம்? வடிகட்டாததால் நார் தங்குகிறது, அந்த வகையில் ஜூஸைவிட மேல். ஆனால் மிக்ஸி நமக்காக மென்றுவிடுகிறது. மூன்று கொய்யாவைக் கடித்துத் தின்ன முடியாமல் ஒன்றரையிலேயே வைத்துவிடுவோம். அரைத்துக் கொடுத்தால் மூன்றும் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை, ஜூஸ், ஸ்மூத்தி எல்லாம் சேர்த்தே நாளுக்கு 150 மில்லி போதும் என்கிறது. நம் வீட்டு டம்ளரில் முக்கால்தான் வரும். பொருளுக்கும் நோய்க்கும் 'சர்க்கரை' என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டிருப்பவர்கள் நாம். சென்னையைச் சேர்ந்த ஆய்வு மையம் ஒன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து செய்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்றது. அந்த முக்கால் டம்ளரை நான் மதிக்கிறேன்.

அதற்காக ஸ்மூத்தியைக் கைவிடச் சொல்லவில்லை. எனக்கும் பிடிக்கும். சில மாதங்களாக வீட்டில் செய்து பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: இனிப்பைக் கெடுப்பது குளிர். உருகிப்போன குல்ஃபியை நக்கிப் பார்த்திருக்கிறீர்களா? திகட்டும். உறைந்திருந்தபோது அதே குல்ஃபி அளவான இனிப்பாகத்தான் இருந்தது. குளிரில் நாக்கு இனிப்பைச் சரியாக உணராது. ஐஸ் கட்டியை அள்ளிப் போடுகிற கடையில் சிரப்பையும் அள்ளி ஊற்றவேண்டி வருவது இதனால்தான். ஐஸைப் பாதியாக்கிப் பாருங்கள், சர்க்கரை தானாகக் குறையும். ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் இன்னும் நல்லது. பாயசத்திலும் கேசரியிலும் அந்த வாசனையை முகர்ந்தே வளர்ந்த நாக்கு, இல்லாத இனிப்பையும் இருப்பதாக நம்பிவிடும்.

கொழகொழவென்று இருந்தால்தானே ஸ்மூத்தி என்பவர்களுக்கு வெண்ணெய்ப்பழம் இருக்கிறது. பட்டர் ஃப்ரூட் என்றே கேட்டு வாங்குங்கள், பழக்கடைக்காரருக்கு அதுதான் புரியும். கொடைக்கானல் கீழ்மலையில் விளைகிறது. 100 கிராமில் ஒரு கிராம் சர்க்கரைகூட இல்லை. ஜூஸ் கடையில் அதன் தலையில் நாலு கரண்டி சர்க்கரையைக் கொட்டிவிடுகிறார்கள், பாவம். வீட்டில் பாதிப் பழத்தோடு, துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்த அரை வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் போதும். உறைந்த வாழைப்பழம் ஐஸ்கிரீம் பதத்தைக் கொடுத்துவிடும், ஐஸ் தேவைப்படாது.

ஆனால் என் ஓட்டு கொய்யாவுக்குத்தான். பேருந்து நிலையத்தில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவார்களே, அதை அப்படியே டம்ளருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டேன். பழுத்த கொய்யா ஒன்று. ஆயக்குடிப் பழம் கிடைத்தால் யோகம். நடுவில் உள்ள விதைப்பகுதியைக் கரண்டியால் தோண்டி எடுத்துவிடுங்கள். முதல் தடவை நான் அதையும் சேர்த்து அரைத்து, வீடே மணலை மென்றது. சதையோடு புளிக்காத தயிர் அரை டம்ளர், புதினா நாலு இலை, சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு. மேலே மிளகாய்த்தூள், தூவியும் தூவாமலும். உப்பு, பழத்தில் இருக்கிற இனிப்பை முன்னுக்குக் கொண்டுவருகிறது.

அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சின்ன டம்ளர் கொடுத்தேன். "ஸ்மூத்தியா? எனக்கு வேண்டாம்மா, அதெல்லாம் உங்க காலத்துச் சமாசாரம்" என்று நகர்த்தி வைத்துவிட்டார். சீரியல் முடிவதற்குள் டம்ளர் காலி.

"கொய்யாப்பழ மோருன்னு சொல்லியிருந்தா அப்பவே குடிச்சிருப்பேனே!"

அன்புடன்,
ஆசிரியர்